பொது வைஃபையில் ஆபீஸ் லேப்டாப்: பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது?

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் முன்னால் எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வந்து விழும். விமான நிலைய வைஃபையில் கனெக்ட் பண்ணாதீர்கள், ஒரே நிமிடத்தில் வங்கிக் கணக்கு காலியாகிவிடும், பத்துப் பேருக்காவது அனுப்புங்கள் என்று. உடனே நாலு பேர் கும்பிடு போடுவார்கள். இரண்டு பேர் "பயனுள்ள தகவல்" என்பார்கள். அடுத்த வாரம் அதே ஆட்கள் பிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் உட்கார்ந்து ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் வைஃபையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயமுறுத்தல் அளவுக்கு மீறினால் அதை யாரும் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

கோவையில் பொறியியல் படித்துவிட்டு, ஒன்பது வருடங்களாக ஜெர்மனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். அந்த ஃபார்வர்டு செய்தியில் பாதி பழசு, மீதி அரைகுறை. உண்மையில் ஆளைக் கவிழ்க்கிற விஷயங்கள் அதில் இருப்பதே இல்லை. நம் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு கனமும் இருக்கிறது. லேப்டாப் கம்பெனியுடையது. விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது. புளூ கார்டில் இருப்பவருக்கு வேலை போனால், புது வேலை தேடச் சட்டம் தரும் அவகாசம் மாதக்கணக்கில்தான். உள்ளூர்க்காரருக்கு "சே, லேப்டாப் போச்சே" என்பதோடு முடிகிற விஷயம், நமக்கு வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை போய்விடலாம். அந்தப் பயம்தான் சில சமயம் பெரிய ஆபத்தாகவும் மாறுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பழசு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2010 அக்டோபரில் 'ஃபயர்ஷீப்' என்று ஒரு சின்ன மென்பொருள் வெளிவந்தது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு துணுக்கு, அவ்வளவுதான். ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து அதைத் திறந்தால், அதே வைஃபையில் யார் யார் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள் என்று படத்தோடு வரிசையாகக் காட்டும். ஒரு பெயரை அழுத்தினால் நீங்கள் அவராகவே உள்ளே போய்விடலாம். ஹேக்கர் படிப்பெல்லாம் வேண்டாம், எலியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். அந்தக் காலத்தில் பெரும்பாலான தளங்கள் பாஸ்வேர்டு போடும் பக்கத்தை மட்டும் பூட்டி வைத்துவிட்டு, மற்றதைத் திறந்தபடி விட்டிருந்தன. அந்தப் பயம் நியாயமான பயம்.

பிறகு நிலைமை மாறியது. 2013ல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் ஓர் உலுக்கு உலுக்கின. 2015 கடைசியில் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' அமைப்பு சான்றிதழ்களை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலையிலிருந்து குரோம் பிரவுசர், பூட்டில்லாத எல்லாத் தளங்களையும் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்டத் தொடங்கியது. இன்று உங்கள் வங்கியோ மெயிலோ எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் திறக்கவே திறக்காது. பக்கத்து நாற்காலிக்காரர் காற்றில் போவதை அப்படியே பிடித்து வைத்தாலும் அவருக்குக் கிடைப்பது குப்பைதான்.

அந்தக் காலத்து வைஃபை அஞ்சலட்டை என்றால், இப்போது ஒட்டிய இன்லேண்டு லெட்டர். உள்ளே எழுதியிருப்பது தெரியாது. ஆனால் வெளியே இருக்கும் முகவரி தெரியும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா என்பது பெரும்பாலும் வெளியே தெரிகிறது. ஒரு சாதாரண பயணிக்கு இது பெரிய விஷயமில்லை. கம்பெனியின் உள் சர்வர் பெயர்கள், எந்த வாடிக்கையாளரின் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறோம் என்பது சிலருக்குப் பெரிய விஷயம்தான். எனக்குத் தெரிந்து, அதைத் தேடி யாரும் ரயிலில் ஏறி உட்காருவதில்லை.

சரி, அப்போ எது ஆபத்து?

வைஃபைக்கு ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள், அதுக்குக் காவல் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஐ.சி.இ. ரயில்களில் 'வைஃபை ஆன் ஐ.சி.இ.' என்று ஒரு நெட்வொர்க் வரும். 2017 தொடக்கத்திலிருந்து இரண்டாம் வகுப்பிலும் இலவசம். பாஸ்வேர்டு இல்லை. நான் என் பையில் ஒரு சின்ன ரூட்டரை வைத்து அதே பெயரைக் கொடுத்தால், முன்பு ஒரு தடவை அந்தப் பெயரில் இணைந்திருக்கும் லேப்டாப்புகள் தாமாகவே என் ரூட்டரை வந்து பிடித்துக்கொள்ளலாம். திறந்த நெட்வொர்க் என்றால் உங்கள் லேப்டாப் பார்ப்பது பெயரைத்தான். ரயில் எது, என் பை எது என்று அதுக்குத் தெரியாது. இதற்கென்றே செய்த கையடக்கக் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன.

இது கதையில்லை. 2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் ஓர் உள்நாட்டு விமானத்தில், சந்தேகப்படும்படி ஒரு வைஃபை தெரிகிறது என்று விமான நிறுவன ஊழியர்கள் கவனித்துப் போலீசிடம் சொன்னார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஒருவரின் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வயர்லெஸ் கருவி, லேப்டாப், போன் ஆகியவை கைப்பற்றப்பட்டன. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானங்களுக்குள்ளும் அசல் நெட்வொர்க் போலவே போலி நெட்வொர்க் வைத்தார் என்று வழக்குப் பதிவானது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் எச்.டி.டி.பி.எஸ். பூட்டை உடைத்ததாக வழக்கு இல்லை. இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறந்தது. "உங்கள் மெயில் அல்லது சமூக வலைத்தளக் கணக்கு மூலம் உள்ளே வாருங்கள்" என்றது. மக்களே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்துவிட்டார்கள். பூட்டை உடைப்பானேன், சாவியைக் கேட்டால் கொடுக்கிறார்களே?

அதனால் நான் என் மனைவிக்கும் நண்பர்களுக்கும் சொல்வது ஒன்றுதான். வைஃபைக்கு உங்கள் மெயில் பாஸ்வேர்டு தேவையே இல்லை. உலகத்தில் எந்த வைஃபைக்கும் தேவையில்லை. ஐ.சி.இ. ரயிலில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஹோட்டலில் அறை எண்ணும் குடும்பப் பெயரும் கேட்பார்கள். இந்திய விமான நிலையங்களில் போன் நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்பார்கள். இந்த மூன்றையும் தாண்டி, கூகுள் பாஸ்வேர்டு, ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டு என்று ஒரு பக்கம் கேட்டால் மூடிவிட்டு எழுந்து போய்விடலாம்.

ஹோட்டல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் 'டார்க்ஹோட்டல்' என்று பெயர் வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆசியாவில் பெரிய ஹோட்டல்களில் தங்கும் கம்பெனி அதிகாரிகளைக் குறிவைத்த கும்பல். அதிகாரி அறைக்குப் போய் அறை எண்ணையும் பெயரையும் போட்டு வைஃபையில் நுழைந்ததும், ஃபிளாஷ் பிளேயருக்கோ வேறு பழக்கமான மென்பொருளுக்கோ அப்டேட் வந்திருக்கிறது என்று ஒரு பெட்டி எழும்பும். அழுத்தினால் உளவு மென்பொருள் உள்ளே. ஃபிளாஷ் செத்தே பல வருடமாகிவிட்டது, உத்தி சாகவில்லை. ஹோட்டல் வைஃபையில் நுழைந்த அடுத்த நிமிடம் ஏதாவது ஓர் அப்டேட் கேட்டால், அது எவ்வளவு அழகான பெட்டியாக இருந்தாலும் தொடாதீர்கள். அப்டேட்டை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் சான்றிதழ் எச்சரிக்கை. "இந்த இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று பிரவுசர் முழுப்பக்கத்துக்குக் கத்தும்போது, கீழே 'மேலும்' என்பதை அழுத்தி 'பரவாயில்லை, போ' என்று போகிற பழக்கம் ஐ.டி.க்காரர்களுக்குத்தான் அதிகம். டெஸ்ட் சர்வரில் தினமும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கை. ஆபீஸ் மேசையில் அது வெறும் தொல்லை. விமான நிலையத்தில் அது, நடுவில் ஒருவன் நிற்கிறான் என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் ஒரே அறிவிப்பாக இருக்கலாம்.

இப்போது அந்தப் பயம் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஊரிலிருந்து வந்து நாலைந்து மாதம்தான். புரொபேஷன் முடியவில்லை. ஒரு ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது வைஃபையில் இணைந்தான். ஒரு பக்கம் வந்தது, மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்டது. ஆபீஸ் மெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டான். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போனில் 'அனுமதிக்கவா?' என்று வந்ததையும் அழுத்திவிட்டான். அன்று இரவே அவனுக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் போன் பண்ணியது இரண்டு நாள் கழித்து. "அண்ணா, சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா? விசா என்ன ஆகும்?"

"முதல்ல போனை வெச்சுட்டு உங்க ஐ.டி. செக்யூரிட்டிக்குக் கூப்பிடு. அப்புறம் எங்கிட்டப் பேசலாம்" என்றேன். அவன் கூப்பிடுவதற்குள் அவர்களே அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறொரு நாட்டிலிருந்து அவன் கணக்கில் யாரோ நுழைந்திருந்தது அவர்கள் திரையில் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. இழப்பு பெரிதாக இல்லை, வேலையும் போகவில்லை. ஆனால் கூட்டத்தில் அவனிடம் கேட்ட கேள்வி, ஏன் பாஸ்வேர்டைக் கொடுத்தாய் என்பதல்ல. இரண்டு நாள் ஏன் சும்மா இருந்தாய் என்பதுதான்.

கம்பெனிகள் இதில் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களின் தனிப்பட்ட தகவல் கசிந்து அதனால் அவர்களுக்கு ஆபத்து என்றால், அது தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் தூக்கமில்லாமல் புரண்ட இரண்டு இரவுகளில், அவன் மெயில்பெட்டி முழுக்கப் படித்து முடித்திருப்பான். நான் வக்கீல் இல்லை, ஆனால் இங்கே வேலை பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்களின் நெடுநாள் நடைமுறைப்படி, சின்ன அசட்டையால் வந்த இழப்பை ஊழியர் கட்ட வேண்டியதில்லை. நடுத்தர அசட்டைக்குப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வேண்டுமென்றோ, மிக மோசமான பொறுப்பின்மையாலோ செய்தால்தான் முழுச் சுமை தலையில் விழும். மறைத்தது தெரிந்தால் நீங்களே உங்களை மேல்படிக்குத் தள்ளிக்கொள்கிறீர்கள். புரொபேஷன் காலத்தில் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இன்னும் வந்திருக்காது என்பதும் உண்மை. அதனால் தம்பியின் பயத்தை வெறும் கற்பனை என்று நான் தள்ளவில்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் சொன்னவனை வைத்துக்கொள்வதும், ஐந்து நாள் மறைத்தவனை அனுப்புவதும்தான் நான் பார்த்தவரை நடந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் அந்தச் சம்பவத்தில் இருக்கிறது. ஓ.டி.பி., போன் அனுமதி எல்லாம் இருந்தால் பாஸ்வேர்டு போனாலும் பரவாயில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போலிப் பக்கம் நடுவில் நின்று, நீங்கள் கொடுப்பதை அசல் பக்கத்துக்கு அப்படியே கடத்திக்கொண்டிருந்தால், ஓ.டி.பி.யும் சேர்ந்தே கடத்தப்படும். பாஸ்கீ, அல்லது யு.எஸ்.பி. சாவி இருந்தால் இது நடக்காது. அது தளத்தின் முகவரியைத் தானே சரிபார்த்துத்தான் திறக்கும், உங்கள் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. உங்கள் கம்பெனி அதைக் கொடுத்தால் "இது வேற ஒரு தொல்லை" என்று மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.

சரி, பிறகு எப்படித்தான் வேலை பார்ப்பது? என் வழி ரொம்பச் சாதாரணம். என் போனின் ஹாட்ஸ்பாட். பொது வைஃபையில் உள்ள தலைவலிகளில் முக்கால்வாசி இதில் கிடையாது, ஏனென்றால் பெயரும் பாஸ்வேர்டும் உங்களுடையது, அந்த நெட்வொர்க்கில் வேறு யாரும் இல்லை. 2017 ஜூன் 15க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணமும் இல்லை, நியாயமான அளவுவரை வீட்டு டேட்டாவையே பயன்படுத்தலாம். பாரிஸ் லா ஷப்பேலுக்குப் புடவை எடுக்கப் போகும்போதும் வேலை ஓடும். ஒரே எச்சரிக்கை, சுவிட்சர்லாந்து இந்தக் கணக்கில் சேராது. சூரிச்சில் சித்தி வீட்டுக்குப் போய் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு மீட்டிங் பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். லண்டனுக்கும் அப்படியே, உங்கள் கம்பெனியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் முழுப்பெயரையும் வைக்காதீர்கள். ஒரு பெட்டி முழுக்கத் தெரியும், அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். ஜெர்மன் ரயிலில் சிக்னல் போய்ப் போய் வரும் என்பது ஒரு பிரச்சினைதான். வெயிலைத் தடுக்க ஜன்னல் கண்ணாடியில் பூசிய உலோகப் படலம் சிக்னலையும் தடுத்துவிடுகிறது. புது ரயில்களில் லேசரால் அந்தப் படலத்தைக் கீறி வழி விடுகிறார்கள். அதுவரைக்கும் சில இடங்களில் ரயில் வைஃபைதான் கதி. பயன்படுத்துங்கள், பாவமில்லை. வேலை முடிந்ததும் 'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு' என்று கொடுத்துவிடுங்கள், தானாக இணைவதையும் நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 'பப்ளிக்'கா 'பிரைவேட்'டா என்று கேட்டால் பப்ளிக். அப்போதுதான் பக்கத்துக் கணினிகளுக்கு உங்களுடையது தன்னைக் காட்டிக்கொள்ளாது.

வி.பி.என். பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது. கம்பெனி வி.பி.என். போடுங்கள், கண்டிப்பாக. ஆனால் இரண்டு ஓட்டைகள். வைஃபையின் முகப்புப் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் பல இடங்களில் வி.பி.என்.ஐ ஒரு நிமிடம் நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்திய ஆள் திரும்பப் போட மறந்துவிடுவார். மெயில் வந்துகொண்டே இருக்கும், அதனால் அவருக்குத் தெரியவும் தெரியாது. இரண்டாவது, 2024 மேயில் 'டனல்விஷன்' என்ற பெயரில் வெளியான ஒன்று. வைஃபை நம் கருவிக்கு முகவரி கொடுக்கும்போதே, "இந்த இடத்துக்குப் போவதை இந்த வழியாக அனுப்பு" என்று ஒரு குறிப்பையும் சேர்த்துக் கொடுக்க முடியும். பல காலமாக உள்ள வசதிதான். போலி வைஃபைக்காரன் அதை வைத்து விளையாடினால், திரையில் வி.பி.என். இணைந்திருப்பதாகவே காட்டும், டேட்டா மட்டும் வெளியே ஓடும். ஆண்ட்ராய்டு போன்கள் அந்த வசதியையே கண்டுகொள்வதில்லை என்பதால் தப்பித்தன. நல்ல ஐ.டி. குழு ஃபயர்வால் விதியால் இதை அடைத்திருக்கும். ஹாட்ஸ்பாட்டில் நீங்கள் இருந்தால் அந்தக் குறிப்பைக் கொடுப்பதே உங்கள் போன்தான்.

இதற்குப் பதிலாக இலவச வி.பி.என். ஒன்றை ஆபீஸ் லேப்டாப்பில் போட்டுக்கொள்வது நம் ஆட்களிடம் மட்டும் தனியாகக் காணப்படும் ஒரு வியாதி. காரணம் பாதுகாப்பு இல்லை, ஐ.பி.எல். இங்கிருந்து ஹாட்ஸ்டார் பார்க்க இந்திய முகவரி வேண்டும், அதற்காக ஏதோ ஒரு பெயரில்லாத செயலி. எல்லா டேட்டாவும் யாரென்றே தெரியாத ஒருவன் வழியாகப் போகும். காபிக் கடை வைஃபைக்குப் பயப்படுகிற மனிதர், இதைத் தானே கையெழுத்துப் போட்டு உள்ளே அழைக்கிறார். கிரிக்கெட்டைச் சொந்த டேப்லெட்டில் பாருங்கள், சாமி.

ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை எடுத்துப் போவது தனிக்கதை. லீவு மூன்று வாரம், ஊரில் இருக்க ஆசை ஆறு வாரம், மிச்சத்தை அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போடுவோம். முதலில் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட நாடுகளிலிருந்து உள்ளே நுழைவதையே அடைத்து வைத்திருக்கும், திருச்சியில் இறங்கித் திறந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். வீட்டு ரூட்டர் வழியாகச் சுற்றிவிட்டு, ஜெர்மனியில் இருப்பது போலக் காட்டிக்கொள்ளும் வித்தையைக் குழுக்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். செய்யாதீர்கள். என் போன்ற ஆட்களுக்கு அது தெரியாமல் இருக்காது. பதில் வரும் தாமதமே காட்டிக்கொடுத்துவிடும், பிறகு நீங்கள் விளக்க வேண்டியது வைஃபையைப் பற்றி அல்ல, நேர்மையைப் பற்றி. அங்கே போனதும் ஒரு உள்ளூர் சிம்மை வாங்கி ஹாட்ஸ்பாட் போடுவது, மாமா வீட்டு வைஃபையை விட நல்லது. அதன் பாஸ்வேர்டு அந்தத் தெருவுக்கே தெரியும்.

சிரிப்பதற்கு முன் இங்கே உள்ள நம் வீட்டையும் பார்த்துவிடலாம். பிறந்தநாள், பொங்கல், பூப்புனித நீராட்டு என்று வந்துபோன அத்தனை பேரின் போனிலும் நம் வைஃபை பாஸ்வேர்டு இருக்கிறது. வரவேற்பறையில், மாதம் பத்து யூரோவுக்கு எல்லாத் தமிழ்ச் சேனலும் தரும் ஒரு பெட்டி. யார் செய்தார்கள், யார் அப்டேட் கொடுப்பார்கள் என்று கேட்டால் விற்ற அண்ணனுக்கே தெரியாது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பி.எஸ்.ஐ., 'பேட்பாக்ஸ்' என்ற தீநிரல் இருந்த சுமார் 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. மீடியா பிளேயர்கள், டிஜிட்டல் போட்டோ பிரேம்கள். வாங்கிய பிறகு தொற்றியதல்ல, தொழிற்சாலையிலிருந்தே உள்ளே வைத்து வந்தது. அப்படிப்பட்ட பெட்டி உங்கள் இணைப்பு வழியாக வேறு யாரோ குற்றம் செய்யவும் இடம் கொடுக்கும். போலீஸ் விசாரித்து வந்து நிற்பது உங்கள் முகவரியில். 2022ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த பெரிய திருட்டுக்கும் ஒரு பாதை, மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த மீடியா மென்பொருளின் ஓட்டைதான். இங்கே பாதி வீடுகளில் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர் இருக்கிறது. அதில் விருந்தினர் நெட்வொர்க் என்று ஒன்று உண்டு, ஐந்து நிமிட வேலை. டி.வி. பெட்டியையும் விருந்தாளிகளையும் அங்கே மாற்றிவிடுங்கள், லேப்டாப் தனியாக இருக்கட்டும். இங்கேயே பிறந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், நம்மைவிட வேகமாகச் செய்துவிடுவார்கள், கூடவே நாலு அறிவுரையும் கிடைக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை. எழுந்தால் திரையைப் பூட்டுங்கள். வட்டு முழுவதும் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், பையோடு திருடு போனால் அதுதான் காப்பாற்றும். திரையில் ஒட்டும் கறுப்புப் படலம் ஒன்று கம்பெனியிடம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

காதுக்கு அப்படி ஒரு படலம் இன்னும் வரவில்லை. போன மாதம் பிராங்ஃபர்ட்டிலிருந்து மியூனிக் போகும் ரயிலில், எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் சென்னை டீமோடு பேசிக்கொண்டிருந்தார். வைஃபை இல்லை, சொந்த ஹாட்ஸ்பாட், திரையில் கறுப்புப் படலம், எல்லாம் முறைப்படி. வாடிக்கையாளர் யார், எந்த சர்வர் விழுந்திருக்கிறது, எத்தனை மணி நேரமாக என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தற்காலிக பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். "கேப்பிட்டல் எஸ்... எஸ் ஃபார் சேலம்டா..." எழுந்து போய்த் தோளைத் தொட்டு, "தம்பி, மீதியை மெசேஜ்ல அனுப்பிடுங்க" என்றேன். காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, நீங்க தமிழா?"